ஏரிக்கரையிலிருந்து ஐஸ் தொட்டி வரை

களைத்த உடம்புக்குக் குளிர்ந்த தண்ணீர் இதம் தரும் என்பது தமிழருக்குப் புதுச் செய்தி அல்ல. உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு குற்றாலத்து அருவிக்கடியில் போய் நின்றவர்களுக்கு இதை யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. ஆனால் ஐஸ் கட்டிகளைக் கொட்டிய தொட்டியில் மார்பளவு இறங்கி, கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வேறு சங்கதி. அது நம் வீட்டுப் பிள்ளைகளின் பயிற்சிக்குள் நுழைந்து சில ஆண்டுகளே ஆகின்றன.

பெங்களூர்ப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உடற்கல்வி ஆசிரியனாக இருந்தவன் நான். அதனால் சங்கக் கூட்டங்களுக்குப் போனால் பெற்றோர் சிலர் ஓரமாக அழைத்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "சார், பேட்மின்டன் முடிஞ்சதும் பையனைத் தினமும் ஐஸ் தண்ணியில உட்காரச் சொல்றாங்க. அவன் பாட்டியோ, வேர்த்த உடம்போட பச்சத்தண்ணியே தொடக்கூடாதுங்கறாங்க. யார் சொல்றதைக் கேக்கறது?" இந்த இரண்டு பேச்சுக்கும் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றின் ஒரு பகுதி நாம் குடியிருக்கும் இந்த ஊரிலேயே நடந்தது. அதை இயன்றவரை தொகுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏரி இருந்த இடத்தில் அரங்கம்

பெங்களூர் ஆறு இல்லாத ஊர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் மேட்டில் அமர்ந்த ஊர். ஆகவே மழை நீரைத் தேக்க ஏரி மேல் ஏரியாக வெட்டி வைத்தார்கள். பேட்டைக்கும் கண்டோன்மென்டுக்கும் நடுவே கிடந்தது சம்பங்கி ஏரி. அதன் கரையில் தோட்டம் போட்டவர்களில் திகளர் சமூகத்தார் முக்கியமானவர்கள். தமிழோடு நெருங்கிய தொடர்புள்ள பேச்சை வீட்டுமொழியாகக் கொண்டிருந்த இம்மக்களே இன்றளவும் கரகத் திருவிழாவை நடத்திவருகிறார்கள்.

1890களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது. அதன் பிறகு நகரத்துக்கு நடுவிலிருந்த ஏரிகளின் மதிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில்தான் இன்று மெஜஸ்டிக் பேருந்து நிலையம் நிற்கிறது. அக்கித்திம்மனஹள்ளி ஏரி ஹாக்கி அரங்கமானது. சம்பங்கி ஏரி வற்றி, அங்கே கண்டீரவா விளையாட்டரங்கம் எழுந்தது. ஓர் ஏரி எப்படி விளையாட்டரங்கமாக மாறியது என்பதை ஹரிணி நாகேந்திரா உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2016ல் ஒரு தனி ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டிருக்கிறார்கள். 1997ல் கர்நாடகம் தேசிய விளையாட்டுப் போட்டிகளை நடத்தியபோது நம்மில் பலர் குடும்பத்தோடு போய் உட்கார்ந்து ஓட்டப் பந்தயம் பார்த்தோமே, அது ஒரு காலத்தில் தண்ணீர் தளும்பிய இடம். கரகச் சடங்குகளுக்காக விட்டுவைத்த சிறு குளம் ஒன்றுதான் அந்த ஏரியின் மிச்சம்.

கண்டீரவா என்ற பெயரைக் கேட்டதும் மைசூர் வரலாறு படித்தவர்களுக்கு ரணதீர கண்டீரவ நரசராஜ உடையார் நினைவுக்கு வருவார். 1638 முதல் 1659 வரை ஆண்டவர். பட்டத்துக்கு வருமுன் மாறுவேடத்தில் திருச்சிராப்பள்ளிக்குப் போய், அங்கே யாராலும் வெல்ல முடியாத மல்லன் ஒருவனை வீழ்த்திவிட்டு, தான் யாரென்று காட்டிக்கொள்ளாமலே திரும்பினார் என்று மைசூர் மரபு அவரைப் பற்றிச் சொல்கிறது. கதையோ வரலாறோ, மல்யுத்தம் இரண்டு நாட்டுக்கும் பொதுச் சொத்தாக இருந்தது என்பதற்கு இது நல்ல சாட்சி. நம் பக்கத்துப் பல்லவ மன்னன் நரசிம்மவர்மனுக்கு மாமல்லன் என்ற பட்டம் இருந்ததையும் இத்துடன் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

எண்ணெய், மண், வியர்வை, பிறகு குளியல்

பேட்டைத் தெருக்களில் இன்றும் சில 'கரடி மனை'கள் உண்டு. கன்னடத்தில் இதற்கு உடற்பயிற்சிக் கூடம் என்று பொருள். காட்டுக் கரடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பழைய தமிழிலும் சிலம்பக்கூடத்தைக் 'கரடிக்கூடம்' என்று சொல்லும் வழக்கு இருந்தது. கரகத்துக்கும் இந்தக் கூடங்களுக்கும் ஏரிகளுக்கும் உள்ள பிணைப்பை ஸ்மிருதி சீனிவாஸ் 2001ல் வெளிவந்த தம் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். உடம்பை வளர்ப்பதும் தண்ணீரை வழிபடுவதும் இந்த ஊரில் ஒரே சமூகத்தின் கையில் இருந்தன.

கூடத்துக் குழியில் செம்மண்ணோடு எண்ணெய், மஞ்சள் முதலியன கலந்து பதமாக்கி வைப்பார்கள். பிடி முடிந்ததும் பயில்வான் நேரே குழாயடிக்கு ஓடுவதில்லை. மண்ணை உடம்பில் தேய்த்து வியர்வையை ஒற்றியெடுத்து, மூச்சு சமனாகும்வரை உட்கார்ந்திருந்து, பிறகே குளிப்பார். கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொகுத்த மானசோல்லாசம் என்ற வடமொழிக் களஞ்சியத்தில் மல்லர்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. வயதும் உடற்கட்டும் வலிமையும் பார்த்து அவர்களை வகை பிரிப்பது, பயிற்சி தருவது, உணவு கொடுப்பது எல்லாம் அதில் உண்டு.

இதைவிடக் கண்ணெதிரே காட்டும் சான்று விஜயநகரத்திலிருந்து கிடைக்கிறது. 1520ஐ ஒட்டி அங்கே வந்த போர்ச்சுக்கீசியர் டொமிங்கோ பாயஸ், கிருஷ்ணதேவராயரின் காலைப் பொழுதை எழுதி வைத்திருக்கிறார். விடியுமுன் அரசர் நல்லெண்ணெய் குடிப்பார். உடம்பெல்லாம் அதையே பூசிக்கொள்வார். மண்ணாலான பெரும் எடைகளைத் தூக்குவார். பூசிய எண்ணெய் வியர்வையோடு வெளியேறும்வரை வாள் சுழற்றுவார். பிறகு மல்லர் ஒருவரோடு பிடி போடுவார். அது முடிந்ததும் குதிரையேறி வெளியில் சுற்றி வந்து, விடிந்த பின்னரே நீராடப் போவார். இந்த வரிசையைக் கவனியுங்கள். கடும் உழைப்புக்கும் குளியலுக்கும் நடுவே ஒரு சவாரி இருக்கிறது. 'கூல் டவுன்' என்று இன்றைய பயிற்சியாளர்கள் சொல்லும் தணிப்பு நேரத்தின் இடத்தில் அது நிற்பதாகவே எனக்குப் படுகிறது. "வேர்வை அடங்கட்டும், அப்புறம் குளி" என்று பாட்டி சொல்வது இந்த மரபின் குரல்தான்.

கடல் கடந்து வந்த ஐஸ்

நம் மரபில் குளிர்ந்த நீர் உண்டு, ஐஸ் கிடையாது. அது வெளியிலிருந்து வந்தது. பாஸ்டன் வணிகர் பிரெடரிக் டியூடர் 1833ல் அமெரிக்காவில் உறைந்த குளத்து ஐஸை அறுத்து, கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். புறப்பட்டபோது 180 டன். நான்கு மாதம் கழித்துக் கரையிறங்கியபோது சுமார் 100 டன். மெட்ராஸ் கடற்கரையில் 1842ல் அவருடைய ஐஸ் ஹவுஸ் எழுந்தது. இயந்திரத்தால் ஐஸ் செய்ய வழி பிறந்ததும் அந்த வணிகம் படுத்துவிட்டது. கட்டிடம் பின்னர் கைமாறி வீடாயிற்று. 1897ல் விவேகானந்தர் தங்கியதும் அங்கேதான். இன்று அது விவேகானந்தர் இல்லம். ஆனாலும் திருவல்லிக்கேணிக்காரர்கள் வாயில் அந்தப் பகுதிக்கு இன்னும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் பெயர்.

அந்தக் காலத்தில் ஐஸ் துரைமார் வீட்டு விருந்துக்கும் காய்ச்சல்காரர் நெற்றிக்கும் போன அரிய பண்டம். வேர்த்து வந்த பயில்வானை அதில் உட்கார வைக்கலாம் என்று யாரும் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

நீர் மருத்துவம் பிறந்த கதை

மேல்நாட்டிலும் இது உடனே வந்துவிடவில்லை. லிவர்பூல் மருத்துவர் ஜேம்ஸ் கரி காய்ச்சல்காரர்கள் மேல் குளிர்ந்த நீர் ஊற்றி, வெப்பமானி வைத்து அளந்து, முடிவுகளை 1797ல் நூலாக்கினார். அடுத்த நூற்றாண்டில் சைலீசியாவைச் சேர்ந்த குடியானவர் வின்சென்ட் பிரீஸ்னிட்ஸ் ஈரத்துணியும் குளிர்ந்த நீரும் கொண்டு பெரிய சிகிச்சை நிலையமே நடத்தினார். பவேரியப் பாதிரியார் செபஸ்டியன் நைப்பின் நீர் சிகிச்சை நூல் 1886ல் வந்தது. லைப்சிக்கைச் சேர்ந்த லூயி கூனே இடுப்புக் குளியலைப் பரப்பினார்.

கூனேயின் முறை காந்தியடிகளைக் கவர்ந்தது. ஆகாகான் மாளிகைச் சிறையில் 1942ல் அவர் எழுதத் தொடங்கிய உடல்நல நூலில் இந்தத் தொட்டிக் குளியலுக்கு இடம் கொடுத்திருக்கிறார். 1946ல் உருளி காஞ்சனில் இயற்கை மருத்துவ நிலையம் தொடங்கவும் அவர் காரணமானார். தமிழ்நாட்டில் இயற்கை மருத்துவ முகாம்களில் இடுப்புக் குளியலுக்கு உட்கார்ந்த அன்பர்கள் இம்மலரைப் படிப்பவர்களிலும் இருப்பார்கள். ஆனால் இவையெல்லாம் நோயாளிக்கானவை. நல்ல உடம்போடு இருக்கும் வீரனுக்கானவை அல்ல.

ஆடுகளத்துக்குள் நுழைந்த குளிர்

1978ல் அமெரிக்க மருத்துவர் கேப் மெர்கின் ஒரு விளையாட்டு மருத்துவ நூலில், அடிபட்டால் ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் ஒரே சொல்லாகச் சுருக்கி 'ரைஸ்' என்று பெயரிட்டார். உலகமெங்கும் உடற்கல்வி ஆசிரியர்கள் அதை வேதமாகச் சொன்னோம். 2014ல் அதே மெர்கின், வீக்கம் என்பது உடம்பு தன்னைத்தானே பழுது பார்க்கும் வேலையின் தொடக்கம், ஐஸ் அதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தம் கருத்தை மாற்றி எழுதினார். தாம் சொன்னதைத் தாமே திருத்திக்கொண்ட அவரது நேர்மை பாராட்டத்தக்கது.

முழு உடம்பையும் ஐஸ் நீரில் அமிழ்த்தும் வழக்கத்துக்குப் பெரும் விளம்பரம் கிடைத்தது 2002ல். மியூனிக் ஐரோப்பியப் போட்டியில் 10,000 மீட்டரில் தங்கம் வென்ற இங்கிலாந்தின் பாலா ராட்கிளிஃப், தாம் ஐஸ் குளியல் எடுப்பதைப் பகிரங்கமாகச் சொன்னார். அதன்பின் கால்பந்து, ரக்பி, டென்னிஸ் என்று எல்லாரும் தொட்டிக்குள் இறங்கினார்கள். பெங்களூரில் 2000ல் தேசிய கிரிக்கெட் அகாடமி தொடங்கியது. 2024 செப்டம்பரில் விமான நிலையத்துப் பக்கம் அதன் புதிய வளாகம் திறக்கப்பட்டது. ஞானபாரதி வளாகத்து இந்திய விளையாட்டு ஆணைய மையத்தில்தான் நம் ஹாக்கி அணிகள் நீண்ட காலம் பயிற்சி எடுக்கின்றன. 41 ஆண்டு காத்திருப்புக்குப் பின் டோக்கியோவில் 2021 ஆகஸ்டில் வெண்கலம் வாங்கிய ஆண்கள் அணி உருவானது அங்கேதான். தேசிய முகாம்களில் ஐஸ் தொட்டி இன்று சாதாரணக் காட்சி. அதைப் படத்தில் பார்த்துவிட்டுத்தான் நம் பிள்ளைகளும் கேட்கிறார்கள்.

தொட்டிக்குள் என்ன நடக்கிறது?

தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தை இழுக்கும். ஆகவே 15 டிகிரிக் காற்றில் சும்மா நிற்க முடிகிற நமக்கு 15 டிகிரித் தண்ணீர் நடுக்கத்தைத் தருகிறது. தோலை ஒட்டிய ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. வலியைச் சொல்லும் நரம்புகளின் வேகம் குறைகிறது. தண்ணீரின் அழுத்தம் கால்களிலிருந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. வெளியே வந்ததும் "அப்பாடா" என்று இருப்பதற்கு இவையே காரணம்.

ஆனால் உண்மையிலேயே பலன் உண்டா? 2012ல் கோக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 17 சிறு ஆய்வுகளை, மொத்தம் 366 பேரை, எடுத்துப் பார்த்தது. சும்மா ஓய்வெடுப்பதோடு ஒப்பிட்டால், குளிர்நீரில் அமிழ்வது அடுத்த சில நாள் தசைவலியைக் குறைக்கிறது என்று கண்டது. 2014ல் மெல்போர்னில் ஒரு வேடிக்கையான சோதனை நடந்தது. ஒரு குழுவை உடல் சூட்டுக்கு நெருங்கிய தண்ணீரில் உட்கார வைத்து, அதில் தோல் கழுவும் திரவத்தைக் கலந்து, "இது களைப்பு நீக்கும் தனி எண்ணெய்" என்று சொன்னார்கள். அவர்களும் குளிர்நீர்க் குழுவுக்கு இணையாகத் தேறினார்கள்! நம்பிக்கையும் ஒரு மருந்து என்பதை நம் ஊர் வைத்தியர்கள் என்றோ அறிந்திருந்தார்கள்.

பெற்றோர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது 2015ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு. இளைஞர்கள் 12 வாரம், வாரத்துக்கு இரண்டு நாள் எடைப் பயிற்சி செய்தார்கள். ஒரு குழு ஒவ்வொரு முறையும் பயிற்சி முடிந்ததும் 10 டிகிரித் தண்ணீரில் 10 நிமிஷம் உட்கார்ந்தது. மற்றது மெதுவாக சைக்கிள் மிதித்தது. முடிவில் சைக்கிள் மிதித்தவர்களுக்கே தசையும் வலிமையும் அதிகம் கூடின. பயிற்சிக்குப் பிறகு உடம்பு செய்யும் சீரமைப்பு வேலையில்தான் தசை வளர்கிறது. தினமும் ஐஸை வைத்து அந்த வேலையை அமர்த்திவிட்டால், உழைத்ததில் ஒரு பகுதி வீண். கிருஷ்ணதேவராயரின் குதிரைச் சவாரி இந்த இடத்தில் எனக்கு நினைவு வருகிறது.

ஆகவே கணக்கு இப்படி வருகிறது. காலையில் ஒரு போட்டி, மாலையில் இன்னொன்று, நாளைக்கு அரையிறுதி என்று நெருக்கமான பந்தயம் இருந்தால் குளிர்நீர் உதவும். 10 முதல் 15 டிகிரி, 10 முதல் 15 நிமிஷம் போதும். வலிமை கூட்டும் பயிற்சி மாதங்களில் அது தேவையில்லை. திடீரென்று இறங்கினால் மூச்சு இழுத்துக்கொள்ளும், ரத்த அழுத்தம் எகிறும். ஆதலால் இதய நோயுள்ள பெரியவர்கள் இந்தப் பக்கமே வரக்கூடாது. பிள்ளைகளைத் தனியே விடவும் கூடாது.

உயிர் காக்கும் இடம்

இதுவரை சொன்னது வலி பற்றி. இனிச் சொல்லப்போவது உயிர் பற்றி. வெயிலில் ஓடும்போது உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, ஆள் குழறிப் பேசி, தள்ளாடி விழுந்தால் அது வெப்ப வாதம். அங்கே குளிர்நீர்த் தொட்டிக்கு இணையான மருந்து இல்லை. அமெரிக்காவின் ஃபால்மவுத் ஊரில் கோடையில் நடக்கும் ஓட்டப் பந்தயத்தில் 18 ஆண்டுகளில் இப்படி விழுந்த 274 பேரை அங்கேயே குளிர்நீரில் அமிழ்த்தினார்கள். 274 பேரும் பிழைத்தார்கள். 'முதலில் குளிர வை, பிறகு கொண்டுபோ' என்பதே இன்று விளையாட்டு மருத்துவத்தின் விதி. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கும் அரை மணி நேரமே ஆளைக் கொன்றுவிடக்கூடும்.

பெங்களூர் குளிர்ச்சியான ஊராயிற்றே என்று இனி சொல்லிக்கொள்ள முடியாது. 2024 ஏப்ரலில் இங்கே வெப்பம் 38 டிகிரியைத் தாண்டியது. அதே கோடையில் தண்ணீர் லாரிக்குத் தெருத்தெருவாகக் காத்திருந்ததையும் நாம் மறக்கவில்லை. ஏரிகளைத் தூர்த்து அரங்கம் கட்டிய ஊரில், அந்த அரங்கத்தில் ஓடுகிறவனுக்கு வேண்டிய தண்ணீரை இப்போது விலைக்கு வாங்கி ஐஸ் போட்டு வைக்கிறோம். இதில் யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் தினமும் ஒரு தொட்டி நிரப்பிக் கொட்டுவது இந்த ஊருக்குக் கட்டுப்படியாகாது என்பது மட்டும் தெளிவு.

என் வேண்டுகோள் எளியது. பிள்ளைகளுக்கு வீட்டில் ஐஸ் தொட்டி வாங்கும் பணத்தை நல்ல உணவுக்கும் நிறைந்த தூக்கத்துக்கும் திருப்புங்கள். களைப்பு நீக்குவதில் அவற்றுக்கு மிஞ்சியது இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. பயிற்சி முடிந்ததும் பத்து நிமிஷம் மெதுவாக நடக்கச் சொல்லுங்கள். பிறகு சாதாரணக் குழாய்த் தண்ணீரில் குளிக்கட்டும். அதே சமயம், நம் சங்கங்கள் கோடையில் நடத்தும் விளையாட்டு விழாக்களில் மைதானத்து ஓரமாக ஒரு பெரிய தொட்டியும் நான்கு மூட்டை ஐஸும் கட்டாயம் இருக்கட்டும். தொட்டி கிடைக்காவிட்டால் ஒரு தார்ப்பாய் போதும். விழுந்தவரை நடுவில் கிடத்தி, நாலு பேர் விளிம்பைத் தூக்கிப் பிடித்து, தலை மட்டும் வெளியே இருக்குமாறு பார்த்துக்கொண்டு ஐஸ் தண்ணீரை ஊற்றலாம். பரிசுக் கோப்பைகளுக்கு ஆகும் செலவில் இது பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. பந்தயத்துக்குப் பந்தயம் அது பயன்படாமலே வீட்டுக்குத் திரும்பினால் அதைவிட மகிழ்ச்சி வேறில்லை.